தந்தையரின் வீட்டை எழுதியவர்

ஆலங்குடி என்றால் பலரும் திருவாரூர் மாவட்டத்துக் குரு தலத்தைத்தான் நினைக்கிறார்கள். நான் சொல்வது புதுக்கோட்டைக்குக் கிழக்கே, தென்னையும் பலாவும் பூந்தோட்டங்களும் சூழ்ந்த ஆலங்குடி. இங்கிருந்து வடகாடு, கீரமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒவ்வொரு தெருவிலும் சில வீடுகளிலாவது வளைகுடா நாடொன்றில் வேலை பார்க்கும் பிள்ளை ஒருவன் இருப்பான். என் வீடும் அப்படிப்பட்டதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, விடுப்பில் ஊருக்கு வந்த ஓர் இளைஞர் என் மகன் கொடுத்தனுப்பியதாகச் சொல்லி ஒரு பையைத் தந்துவிட்டுப் போனார். பேரீச்சம்பழப் பொட்டலம், கோடாலித் தைலம், இவற்றுக்கு அடியில் தடிமனான ஓர் ஆங்கிலப் புத்தகம். கடிதம் எதுவும் இல்லை. அப்போது நானும் அவனும் பேசிக்கொண்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. என்னிடம் ஒரு வார்த்தை கேளாமல் அவன் திருமணத்தை முடிவு செய்தான் என்பது என் கோபம். கேட்டிருந்தால் நான் சம்மதித்திருக்க மாட்டேன் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் உண்மை.

அந்தப் புத்தகம், எகிப்திய எழுத்தாளர் நகிப் மஹ்ஃபூஸின் கெய்ரோ முத்தொகுதியில் முதல் நாவல். அரபு மூலத்திலிருந்து ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற நான், அகராதியை அருகில் வைத்துக்கொண்டு மூன்று மாதங்களில் அதைப் படித்து முடித்தேன். அடுத்த இரண்டு தொகுதிகளையும் நானே தேடி வாங்கினேன். பிறகு, இப்படி எழுதியவர் எப்படி வாழ்ந்தார் என்று அறியும் ஆவலில் அவரது வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன். அந்த வாழ்க்கையைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

பழைய கெய்ரோவின் கடைசிப் பிள்ளை

நகிப் மஹ்ஃபூஸ் 1911 டிசம்பர் 11-ஆம் நாள் பழைய கெய்ரோவின் ஜமாலியா பகுதியில் பிறந்தார். தாய்க்கு அது கடினமான பிரசவம். மருத்துவம் பார்த்தவர் நகிப் மஹ்ஃபூஸ் என்ற புகழ்பெற்ற காப்டிக் கிறிஸ்தவ மருத்துவர். நன்றியின் அடையாளமாக அவரது முழுப் பெயரையே குழந்தைக்குச் சூட்டினார்கள். ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பிள்ளை, தந்தையின் பெயரைப் பின்னொட்டாகக் கொள்ளாமல், ஒரு கிறிஸ்தவ மருத்துவரின் பெயராலேயே உலகெங்கும் அறியப்பட்டது இவ்வாறுதான்.

ஏழு பிள்ளைகளில் அவர்தான் கடைக்குட்டி. அவருக்கு நேர் மூத்தவருக்கும் அவருக்கும் ஏறத்தாழ பத்து வயது இடைவெளி. அவர் விவரம் அறியும் பருவத்தில் அக்காக்களும் அண்ணன்களும் வளர்ந்து, மணமாகி, தனி வீடுகளுக்குப் போகத் தொடங்கியிருந்தனர். நிறைந்த குடும்பத்தில் பிறந்தும் ஒற்றைப் பிள்ளையைப் போல வளர்ந்தார். உடன்பிறந்தார் நிறைந்த வீடுகளைப் பின்னாளில் அவர் அவ்வளவு விரிவாக எழுதியதற்கு இந்தத் தனிமையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தந்தை அப்துல் அஜீஸ் இப்ராஹீம் அரசு ஊழியர். நாட்டு அரசியலை வீட்டில் ஓயாமல் பேசியவர். தாய் ஃபாத்திமா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால், மகனைக் கையைப் பிடித்து அருங்காட்சியகத்துக்கும் பிரமிடுகளுக்கும் அழைத்துச் சென்றவர் அந்தத் தாய்தான். பழம்பெருமை வாய்ந்த ஒரு நாட்டின் வரலாற்றை, எழுத்தறியாத ஒரு பெண்ணின் விரலைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிறுவன் கண்டான்.

1919-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு எதிராக எகிப்து கிளர்ந்தெழுந்தபோது அவருக்கு ஏழு வயது. வீட்டுச் சன்னல் வழியாக, ஆர்ப்பாட்டக்காரர்களை நோக்கிப் படைவீரர்கள் சுடுவதைப் பார்த்தார். குழந்தைப் பருவத்தில் தம்மை மிகவும் உலுக்கிய நிகழ்ச்சி இதுவே என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். அங்கே கெய்ரோ வீதிகளில் அது நடந்த அதே ஆண்டில்தான் இங்கே ஜாலியன்வாலா பாக் நடந்தது.

1924-ஆம் ஆண்டு குடும்பம், அப்போது புதிதாக வளர்ந்து கொண்டிருந்த அப்பாசியா பகுதிக்குக் குடிபெயர்ந்தது. சில கிலோமீட்டர் தூரம்தான். ஆனாலும் ஜமாலியாவின் குறுகிய சந்துகளும், மரச்சட்டங்கள் பின்னிய மூடுசாளரங்களும், ஹுசைன் பள்ளிவாசலின் மினாராக்களும் அவரை விட்டு அகலவில்லை. அவர் எழுதிய கதைகளுள் பெரும்பாலானவை அந்தச் சந்துகளுக்கே திரும்பிச் சென்றன.

கோப்புகளுக்கிடையே ஒரு நாவலாசிரியர்

கெய்ரோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று 1934-இல் பட்டம் பெற்றார். முதுகலை ஆய்வைத் தொடங்கினார். தத்துவமா இலக்கியமா என்ற போராட்டத்தில் இலக்கியம் வென்றதால் அதை இடையில் விட்டார். இலக்கியம் சோறு போடாது என்பது அவருக்குத் தெரியும். எனவே அரசுப் பணியில் சேர்ந்தார். பல்கலைக்கழக நிர்வாகம், அறக்கொடை அமைச்சகம், பின்னர் பண்பாட்டுத் துறையின் தணிக்கைப் பிரிவு, திரைப்பட வளர்ச்சி நிறுவனம் என்று அறுபது வயதில் ஓய்வு பெறும் வரை ஏறத்தாழ 37 ஆண்டுகள் அரசு ஊழியராகவே இருந்தார்.

நானும் என் காலமெல்லாம் கோப்புகளோடு கழித்தவன் என்பதால், அவர் வாழ்க்கையில் என்னை முதலில் கவர்ந்தது இதுதான். காலையில் அலுவலகம், மாலையில் எழுத்து, குறித்த நேரத்தில் நடை, குறித்த நேரத்தில் காபிக் கடை. கண்ணில் இருந்த ஒவ்வாமை காரணமாகக் கோடைக்காலத்தில் எழுத இயலாது. ஆகவே, ஆண்டின் குளிர்ந்த மாதங்களில் மட்டுமே எழுதினார். பாதி ஆண்டைக் கண்ணுக்கும் பாதி நாளை அலுவலகத்துக்கும் கொடுத்துவிட்டு மிஞ்சிய நேரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட நாவல்களையும் ஏராளமான சிறுகதைகளையும் எழுதினார். நேரம் இல்லை என்பதை நான் என் வாழ்நாளில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்துக் கூசினேன்.

அவரது தொடக்ககால நாவல்கள் பாரோ மன்னர்கள் காலத்து எகிப்தைப் பற்றியவை. 1939 முதல் 1944 வரை அப்படிப்பட்ட மூன்று நாவல்கள் வந்தன. பண்டைய வரலாறு முழுவதையும் வரிசையாக நாவல்களாக்கும் திட்டம் அவரிடம் இருந்தது. ஆனால், தம் கண் முன்னே இருக்கும் கெய்ரோவைவிட்டு அதற்கு மேல் விலகியிருக்க அவரால் முடியவில்லை. ஜமாலியாவின் சந்துகளுக்கு வந்தார். 1947-இல் வெளிவந்த மிதக் சந்து என்ற நாவலில், போர்க்காலத்துக் கெய்ரோவின் ஒரு முட்டுச் சந்து முழுவதும் உயிரோடு நடமாடுகிறது.

ஒரு வீட்டின் மூன்று தலைமுறை

அதன் பிறகு அவர் எடுத்துக்கொண்டதுதான் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1952 ஏப்ரலில் அதை முடித்தார். மூன்று மாதங்களில் ராணுவ அதிகாரிகளின் புரட்சி மன்னராட்சியை அகற்றியது. அவர் எழுதி முடித்திருந்த உலகம், எழுதிய மை உலர்வதற்குள் பழையதாகிவிட்டது. பிரம்மாண்டமான அந்த ஒற்றை நாவலின் பருமனைப் பார்த்துப் பதிப்பாளர் மலைத்தார். பின்னர் முதல் பகுதி ஓர் இதழில் தொடராக வந்தது. 1956, 1957 ஆண்டுகளில் மூன்று நூல்களாக வெளிவந்தது. பைனல் கஸ்ரைன், கஸ்ர் அஷ்ஷவ்க், அஸ்ஸுக்கரிய்யா. மூன்றுமே பழைய கெய்ரோவின் தெருப் பெயர்கள்.

கதையின் காலம் 1917 முதல் 1944 வரை. குடும்பத் தலைவர் அஹ்மத் அப்துல் ஜவாத் ஒரு கடைக்காரர். வீட்டில் அவர் சொல்லே சட்டம். மனைவி அமீனாவோ பிள்ளைகளோ அவர் முன் நிமிர்ந்து பேச மாட்டார்கள். இரவில் அவரே வேறு மனிதர். நண்பர்கள், பாடகிகள், மது, நகைச்சுவை என்று அவர் சிரிப்பு சபையை நிறைக்கும். நள்ளிரவில் அவர் திரும்பும் வரை விளக்குடன் காத்திருப்பார் அமீனா. மூடுசாளரத்தின் மரச்சட்டங்களுக்கு இடையே தெரியும் தெருவே அவர் அறிந்த உலகம். அருகிலிருக்கும் ஹுசைன் பள்ளிவாசலின் மினாராவைப் பல்லாண்டுகளாக மாடியிலிருந்து பார்த்தவர். ஒரு நாளும் அங்கே சென்றதில்லை.

கணவர் வெளியூர் சென்ற ஒரு நாளில், பிள்ளைகளின் தூண்டுதலால் இளைய மகன் கமாலின் துணையோடு அமீனா அந்தப் பள்ளிவாசலுக்குப் போய் வருகிறார். திரும்பும் வழியில் கார் மோதித் தோள்பட்டை எலும்பு முறிகிறது. ஊர் திரும்பிய கணவரிடம் உண்மையைச் சொல்கிறார். எலும்பு கூடும் வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூடிய அன்று, மனைவியைத் தாய்வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்தேன். அதற்குக் காரணம் என் அக்கா. எழுபதுகளின் தொடக்கத்தில் பள்ளியிறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண்களுடன் தேறியவர். புதுக்கோட்டைக்குப் போய்க் கல்லூரியில் சேர வேண்டும் என்பது ஆசை. அந்த விண்ணப்பப் படிவத்தை வாங்கி வந்து அக்காவிடம் கொடுத்தவன், அப்போது பள்ளி மாணவனாக இருந்த நான். அப்பாவுக்குத் தெரிந்ததும் அவர் கூச்சல் போடவில்லை. படிவத்தை நான்காக மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். அடுத்த வைகாசியில் அக்காவுக்குத் திருமணம் நடந்தது. அக்கா அதைப் பற்றி இன்றுவரை ஒரு சொல்லும் பேசியதில்லை. நான்தான் படிவம் வாங்கி வந்தேன் என்பதை அப்பாவிடம் நானும் கடைசி வரை சொல்லவில்லை.

மஹ்ஃபூஸின் மேதைமை, அந்தத் தந்தையை ஒரு கொடியவராக எழுதாததில் இருக்கிறது. மகன் ஃபஹ்மி, 1919 ஆர்ப்பாட்டத்தில் குண்டடிபட்டு இறந்த செய்தியைக் கேட்டு அவர் கடையிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது வாசகனும் கூடவே நடக்கிறான். மூன்றாம் தொகுதியில் நிலைமை தலைகீழாகிறது. இதய நோயால் வெளியே செல்ல முடியாத முதியவராகிறார் அவர். அமீனாவோ இப்போது தம் விருப்பப்படி பள்ளிவாசலுக்கும் மகள்களின் வீடுகளுக்கும் போய் வருகிறார். மூடுசாளரத்தின் பின்னால் உட்கார்ந்து மனைவி வரும் வழியைப் பார்த்திருப்பவர் அவர்தான். யாரும் அவரைப் பழிவாங்கவில்லை. காலம் இருவரின் இடத்தையும் மாற்றி வைத்துவிட்டது. உலகப் போரின் வான் தாக்குதல் இரவொன்றில், அந்தக் கம்பீரமான தந்தையைக் குழந்தையைப் போலத் தூக்கிச் செல்பவன் கமால்.

பேரப்பிள்ளைகளின் காலத்தில் அந்த வீட்டுக்குள் நாடே வந்துவிடுகிறது. மகள் கதீஜாவின் இரு மகன்களில் ஒருவன் மதவழி அரசியல் இயக்கத்தில் சேர்கிறான்; மற்றவன் பொதுவுடைமையாளன். ஒரே தாயின் பிள்ளைகள், ஒரே வீட்டில் உண்டு உறங்குபவர்கள், எதிரெதிர்த் திசைகளில் நடந்து கடைசியில் ஒன்றாகக் கைதாகிறார்கள். நாவலின் முடிவில் அமீனா மரணப் படுக்கையில் இருக்கிறார். கடைத்தெருவுக்குப் போகும் இரு மகன்களில் ஒருவன் துக்கத்துக்கு அணியக் கறுப்புக் கழுத்துப்பட்டை வாங்குகிறான்; மற்றவன் பிறக்கப் போகும் பேரக் குழந்தைக்குத் துணிமணி வாங்குகிறான்.

எகிப்தில் இன்று வீட்டை அடக்கியாளும் கணவரைக் குறிக்க, அமீனா தம் கணவரை அழைத்த சி சையத் என்ற விளியையே மக்கள் பேச்சுவழக்கில் பயன்படுத்துகிறார்கள். ஒரு பாத்திரம் பொதுச்சொல்லாக மாறிவிட்டது. ஆனால், மஹ்ஃபூஸின் சொந்தத் தந்தை அப்படிப்பட்டவர் அல்லர். தாயும் தடையின்றி வெளியே போய் வந்தவரே. அக்கம்பக்கத்து வீடுகளில் கண்டதையெல்லாம் சேர்த்துத்தான் அந்த வீட்டைக் கட்டினார். சந்தேகங்களும் தயக்கங்களும் நிறைந்த கமாலிடம்தான் தம் இளமையின் மனப்போராட்டங்களை வைத்தார்.

வெளியே நின்றவரின் தனி வாழ்க்கை

முத்தொகுதியை முடித்த பிறகு சில ஆண்டுகள் அவர் நாவல் எதுவும் எழுதவில்லை, திரைக்கதைகள் எழுதினார். 1954-இல், 43-ஆவது வயதை எட்டும் நிலையில், அத்தியத்துல்லாவை மணந்தார். திருமணச் செய்தியை நண்பர்கள் பலரிடமிருந்துகூடச் சில காலம் மறைத்து வைத்திருந்தார். இரண்டு மகள்கள் பிறந்தனர். பிறர் வீட்டுக் கதவுகளையெல்லாம் திறந்து காட்டியவர், தம் வீட்டுக் கதவை மட்டும் சாத்தியே வைத்திருந்தார்.

1959-இல் அல் அஹ்ராம் நாளிதழில் தொடராக வந்த அவரது நாவல் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. அதுவும் ஒரு குடும்பக் கதைதான். மாளிகைக்குள் இருந்துகொண்டு கண்ணில் படாத ஒரு பெரியவரும், சொத்துக்காக அடித்துக்கொள்ளும் அவரது வழித்தோன்றல்களும் அதில் வருகிறார்கள். சமயங்களின் வரலாற்றை அதில் உருவகமாகக் கண்ட மார்க்க அறிஞர்கள் கண்டித்தனர். எகிப்தில் அது நூலாக வரவில்லை. 1967-இல் பெய்ரூத்தில் வெளியானது. அல் அஸ்ஹர் மார்க்க நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் தாய்நாட்டில் அதை வெளியிட அவர் விரும்பவில்லை. எதிர்த்தவர்களோடு சண்டையிடாமலும் எழுதியதைத் திரும்பப் பெறாமலும் வாழ்நாள் முழுதும் இருந்தார்.

தலைமுறைகள் பற்றிய சிந்தனை அவரைக் கடைசி வரை விடவில்லை. 1977-இல் வந்த ஹராஃபிஷ், ஒரு குடும்பத்தின் பல தலைமுறைகளைப் பத்துக் கதைகளாகச் சொல்கிறது. 1985-இல் வந்த ஒரு குறுநாவலில், வீடு வாங்கப் பணமில்லாததால் திருமணம் தள்ளிப்போகும் பேரனும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாத்தாவும் மாறி மாறிப் பேசுகிறார்கள். 1987-இல் மூன்று குடும்பங்களின் ஐந்து தலைமுறையினரை அகராதியைப் போல அரபு அகரவரிசையில் அடுக்கி ஒரு நாவல் எழுதினார். அதில் பேரன் முதலில் வருவான், பாட்டனார் பின்னால் வருவார். வாசகன்தான் குடும்ப மரத்தை மனத்துக்குள் வரைந்துகொள்ள வேண்டும்.

1988-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் மதியத் தூக்கத்தில் இருந்தார். மனைவி எழுப்பிச் சொன்னதை அவர் நம்பவில்லை. அரபு மொழியில் எழுதிய ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. இதுவரை அது ஒன்றே. ஸ்டாக்ஹோமுக்கு அவர் போகவில்லை. வாழ்நாளில் எகிப்தை விட்டு அவர் வெளியே சென்ற பயணங்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவருக்காக மேடையேறிப் பரிசைப் பெற்றுக்கொண்டவர்கள் அவருடைய இரண்டு மகள்கள். அமீனாவின் மூடுசாளரத்தை எழுதியவரின் மகள்கள், உலகமே பார்க்கும் மேடையில் தந்தைக்குப் பதிலாக நின்றார்கள். அவர் எழுதிய எந்த நாவலின் முடிவைவிடவும் எனக்கு இந்தக் காட்சி பிடிக்கும்.

1994 அக்டோபரில், 82 வயதில், வீட்டு வாசலில் காரில் அமர்ந்திருந்த அவரை ஓர் இளைஞர் கழுத்தில் கத்தியால் குத்தினார். 1959-இல் வந்த அந்த நாவலே காரணமாகச் சொல்லப்பட்டது. குத்தியவர் அதைப் படித்ததே இல்லை. உயிர் பிழைத்தார். ஆனால் நரம்புகள் பாதிக்கப்பட்டு வலக்கை செயலிழந்தது. பிள்ளைகளைப் போல எழுத்தை மீண்டும் பழகினார். ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள்தான் எழுத முடியும். அந்தச் சில நிமிடங்களில் தம் கனவுகளைச் சிறு சிறு பத்திகளாக எழுதினார்; பார்வையும் குறைந்தபோது பிறரை எழுதச் சொன்னார். 2006 ஆகஸ்ட் 30 அன்று, 94-ஆம் வயதில் காலமானார். தடைபட்டிருந்த அந்த நாவல் அதன் பின்னரே எகிப்தில் நூலாக வந்தது.

மொழிபெயர்ப்பு என்னும் சன்னல்

நம் மொழியில் தலைமுறைக் கதைகளுக்குக் குறைவில்லை. இரணியல் செட்டிக் குடும்பம் ஒன்றைப் பற்றி நீல. பத்மநாபன் 1968-இல் எழுதிய தலைமுறைகள் நாவலும், 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரானின் சாய்வு நாற்காலியும் மஹ்ஃபூஸின் முத்தொகுதிக்கு அருகில் வைத்துப் படிக்கத்தக்கவை. அப்படியிருக்க, எங்கோ இருக்கும் கெய்ரோ குடும்பத்தை ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கலாம்.

எனக்குக் கிடைத்த விடை இதுதான். நம் வீட்டுக் கதையை நம் மொழியில் படிக்கும்போது நமக்குத் தற்காப்பு வந்துவிடுகிறது. அந்தத் தந்தை என் சாதியா, என் ஊரா, அந்தக் காலத்தில் அதுதானே வழக்கம் என்று நூறு சமாதானங்கள் எழுகின்றன. அயல்மொழிக் கதையில் அந்தச் சமாதானங்களுக்கு வேலை இல்லை. பெயர்கள் வேறு, உடை வேறு, தொழுகை வேறு. ஆகவே, காவலைத் தளர்த்திவிட்டு அந்த வீட்டுக்குள் நுழைகிறோம். நுழைந்த பிறகுதான் அங்கே நடுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பது நம் அப்பா என்று தெரிகிறது. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் அது நாமேதான் என்று தெரிகிறது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் அரபு நாடுகளில் உழைக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் இங்கே வீடுகள் எழுகின்றன, பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால், அந்த மொழி பேசும் மனிதர்கள் எப்படிக் காதலிக்கிறார்கள், எப்படிப் பிள்ளை வளர்க்கிறார்கள், முதுமையில் எதை எண்ணி ஏங்குகிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. விசா, சம்பளம், வெயில் ஆகியவற்றுக்கு அப்பால் அந்த உலகைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே எழுவதில்லை. தமிழகக் கல்லூரிகள் சிலவற்றில் அரபு பயிற்றுவிக்கப்படுகிறது. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் மரபே நமக்கு உண்டு. இரு மொழியும் அறிந்தவர்கள் அரபு நாவல்களை நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவர அரசும் பல்கலைக்கழகங்களும் பதிப்பகங்களும் இன்னும் தாராளமாகத் துணைநிற்க வேண்டும். ஆங்கிலத்தின் வழியாக வரும்போது அத்தை, மாமி, சித்தி எல்லாரும் ஒரே சொல்லில் கரைந்துபோகிறார்கள். உறவுப் பெயர்கள் கரைந்துபோன குடும்பக் கதை, பாதிக் கதைதான்.

மூன்றாம் தொகுதியை முடித்த அன்று மாலை, தோட்டத்துக்குப் போனேன். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பகுதியின் தென்னைகளை ஒரே இரவில் சாய்த்தது. அப்பா வைத்த மரங்களில் ஏழு மட்டுமே மிஞ்சின. அந்தப் புயலுக்கு விடுப்பெடுத்து ஓடி வந்து, விழுந்த மரங்களை அப்புறப்படுத்தி, புதிய கன்றுகளுக்குக் குழி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனவன் என் மகன். அதற்குப் பிறகுதான் எங்களுக்குள் பேச்சு நின்றது. அவன் வைத்த கன்றுகள் என் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தன.

அங்கே நின்றபடியே அவனை அலைபேசியில் அழைத்தேன். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தைப் படித்துவிட்டேன் என்றேன். எதிர்முனையில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, எந்தத் தொகுதி வரை என்று கேட்டான். மூன்றும் என்றேன். என்னைக் குத்திக்காட்டத்தான் அந்தப் புத்தகத்தை அனுப்பினானா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். மருமகளிடம் பேச வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

ஒரு வேலை மட்டும் மிச்சம் இருக்கிறது. அந்த விண்ணப்பப் படிவத்தைப் பற்றி அக்காவிடம் பேச வேண்டும். அப்பா இருந்தபோதே, அதை வாங்கி வந்தவன் நான்தான் என்று நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு ஐம்பது ஆண்டுகள் தாமதமாகிவிட்டன. அக்கா இப்போது பேத்தியின் கல்லூரிச் சேர்க்கைக்காகத் திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் அலைந்துகொண்டிருக்கிறார். இந்த வாரம் அவருடன் நானும் போகிறேன். படிவத்தை இந்த முறை வெளிப்படையாகவே வாங்கி வருவோம்.